ஊமை அல்ல, ஊமியோ

ஸ்வீடனின் வடக்கே ஒரு சிறுநகரத்துக்குப் பரிமாற்ற மாணவராக ஓராண்டு படிக்கப் போவதாகச் சொன்னபோது, அம்மா அந்த ஊர்ப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “ஊமியோ... ஊமைன்னு கேக்குதே கண்ணு. பேச்சுத் துணைக்கு அங்க யாராச்சும் இருப்பாங்களா?”

போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதமும் அம்மாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்று நினைத்தேன். பேருந்தில் இருவர் உட்காரும் இருக்கையில் ஒருவர் இருந்தால், அடுத்து ஏறுகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டே வருவார். விடுதி நடையில் எதிர்ப்படுகிறவர் ‘ஹேய்’ என்ற ஒற்றைச் சொல்லோடு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கடையிலும் நூலகத்திலும் சமையலறையிலும் குரல் உயர்வதே இல்லை. மதுரைப் பேருந்து நிலையத்தின் இரைச்சலைத் திட்டிக்கொண்டே வளர்ந்த எனக்கு, அதில் ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும் என்று ஏங்கிய மாலைகள் உண்டு.

ஒருநாள் நூலக மேசையில் இருந்த பெண்மணியிடம், எடுத்த புத்தகத்தை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் உதட்டைக் குவித்து ‘ஷுப்’ என்று மூச்சைச் சட்டென உள்ளே இழுத்தார். கேட்கக்கூடாததைக் கேட்டு அவரைத் திடுக்கிட வைத்துவிட்டேனோ என்று பயந்து மன்னிப்புக் கேட்டேன். பின்னால் நின்ற மாணவர்தான் மெல்லச் சொன்னார்: “அவங்க ஆமான்னு சொல்லிட்டாங்க.”

வட ஸ்வீடனில் ‘ஆமாம்’ என்பதற்கு இப்படியோர் ஒலி இருக்கிறது. சொல்லே கிடையாது, உள்ளே இழுக்கும் மூச்சுதான் சம்மதம். அதைக் கேட்டுப் பழகிய பிறகு ஊரே வேறாகத் தெரிந்தது. எனக்குப் பதில் வரவில்லை என்று நான் வருந்திய எத்தனையோ இடங்களில் பதில் வந்துதான் இருந்தது. என் காதுக்கு அது எட்டவில்லை.

ஊர்ப் பெயரின் பொருளையும் பிறகுதான் அறிந்தேன். ஸ்வீடிஷ் மொழியில் ‘ஓ’ என்றால் ஆறு. முன்னால் நிற்கும் ‘ஊமே’, இரைகிற, முழங்குகிற என்று பொருள்படும் பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். தமிழ்க் காதுக்கு ஊமையாகக் கேட்கும் ஊர், தன் மொழியில் முழங்கும் ஆறு. இந்தச் செய்தியை அன்றிரவே தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப சரி” என்றார்.

வேப்பமரம் போல அங்கே பிர்ச்

ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே ரயிலில் ஆறரை மணி நேரப் பயணம். 2010ல் திறக்கப்பட்ட போத்னியா ரயில்பாதை வந்தபிறகுதான் இந்தப் பயணம் இவ்வளவு சுருங்கியது. ‘ஊமியோ கிழக்கு’ நிலையத்தில் இறங்கினால் எதிரே பல்கலைக்கழக மருத்துவமனை, அதை ஒட்டிப் பல்கலைக்கழகம். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம்.

1622ல் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் காலத்தில் உருவான நகரம் இது. 1888 ஜூன் 25 அன்று ஊரின் பெரும்பகுதி தீக்கிரையானது. அதே நாளில் தெற்கே சுண்ட்ஸ்வால் நகரமும் எரிந்தது. மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊரைத் திரும்பக் கட்டியபோது, தெருக்களை அகலமாக்கி இருபுறமும் பிர்ச் மரங்களை நட்டார்கள். அடுத்த முறை தீப்பிடித்தால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருப்பதற்காக. அன்று தீத்தடுப்பாக நட்ட மரங்களால் இன்று ஊமியோவுக்குப் ‘பிர்ச் நகரம்’ என்று பெயர். வெள்ளைத் தண்டும் சின்ன இலையுமாக நிற்கும் அந்த மரத்தை ஊர்க்காரர்கள், நாம் வேம்பைப் பார்ப்பதுபோல உரிமையோடு பார்க்கிறார்கள்.

பல்கலைக்கழகம் வந்தது 1965ல். ஸ்வீடனின் ஐந்தாவது பல்கலைக்கழகம் அது. நாட்டின் வடபாதியில் அதுவரை ஒன்றுகூட இல்லை. நகராட்சி எல்லைக்குள் சுமார் 1,30,000 பேர் வாழ்கிறார்கள். தொலைவழியில் படிப்பவர்களையும் சேர்த்தால் பல்கலைக்கழகத்தில் 35,000 மாணவர்களுக்கு மேல். ஊரே மாணவர்களை நம்பி மூச்சு விடுகிறது. செப்டம்பரில் சைக்கிள்களால் நிரம்பும் பாதை, ஜூனில் ஒரே வாரத்தில் காலியாகிவிடும்.

சிறிய ஊர் என்பதால் சிறிய படிப்பு என்று எண்ண வேண்டாம். மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் தொழில்நுட்பத்துக்காக 2020ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எமானுவேல் ஷார்பென்டியே, அந்த ஆய்வின் முக்கியமான சில ஆண்டுகளில் ஊமியோவில்தான் ஆய்வுக்கூடம் நடத்தினார். பிரான்சில் பிறந்து பல நாடுகளில் பணியாற்றிய அவருக்கு வடக்கின் குளிர்கால இருட்டும் அமைதியும் தடையாக இருக்கவில்லை.

‘சார்’ என்ற சொல் இல்லாத வகுப்பு

முதல் மின்னஞ்சலை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. பேராசிரியருக்கு அறுபது வயதுக்கு மேல். அவரை ‘ஹேய்’ என்று விளித்து, பின்னால் வெறும் முதற்பெயரை எழுத வேண்டும். கை வரவில்லை. நமக்கு ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் மரியாதையோடு பாதுகாப்பும்கூட. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டால் நம் கருத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்வீடன் எப்போதும் இப்படி இருந்த நாடல்ல. பட்டத்தையும் பதவியையும் சொல்லி, படர்க்கையில் அழைக்கிற வழக்கம் அங்கேயும் கடுமையாக இருந்தது. 1967ல் தேசிய மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லாரையும் முதற்பெயரால் அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த மாற்றத்துக்கு அவர் பெயரே அடையாளமாக நின்றுவிட்டது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும், நம் ‘நீ’ போன்ற ‘டூ’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மாறியது. அரச குடும்பத்தவர் மட்டும் விலக்கு.

இதில் நம் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதற்பெயரால் அழைக்கலாம் என்றால் எல்லாம் தளர்வாக இருக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். இல்லை. பத்து மணி வகுப்பு என்று அட்டவணையில் இருந்தால், ‘கல்விக் கால்மணி’ என்ற பழைய வழக்கப்படி 10:15க்குத் தொடங்கும். 10:16க்கு உள்ளே நுழைபவரை யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் எல்லாரும் கவனித்திருப்பார்கள். பிறர் எழுத்தை மேற்கோள் இன்றி எடுத்தால் ஒழுங்கு விசாரணை வரை போகும். குழுவாகச் செய்யும் வேலையில் நம் பங்கை முடிக்காமல் வந்தால், அடுத்த முறை குழு அமைக்கும்போது நம் பெயர் கடைசியாக வரும்.

ஐந்தாறு பாடங்களை ஒரே சமயத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிற வழக்கமும் அங்கே இல்லை. ஒரு பருவத்துக்கு 30 மதிப்பலகு. பல துறைகளில் ஒரு பாடத்தை எடுத்து, ஐந்து வாரமோ பத்து வாரமோ அதை மட்டும் படித்து, தேர்வெழுதி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறார்கள். வாரத்துக்கு நாலைந்து வகுப்புதான் இருக்கும். மீதி நேரம் ஓய்வென்று நினைத்தவர்கள் நாலாவது வாரத்தில் விழி பிதுங்கி நின்றதைப் பார்த்தேன். அந்த மீதி நேரம் முழுவதும் படிப்பதற்கு. பாடத்தின் கனம் வாரத்துக்கு 40 மணி நேர உழைப்பு என்ற கணக்கில்தான் அளக்கப்படுகிறது.

தேர்வறை எனக்கு வியப்பாக இருந்தது. விடைத்தாளில் பெயர் கிடையாது, குறியீட்டெண் மட்டும். நாலைந்து மணி நேரத் தேர்வு. மாணவர்கள் ரொட்டி, வாழைப்பழம், காப்பிக் குடுவை சகிதம் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறார்கள். தோற்றால் மறுதேர்வு உண்டு. ‘அரியர்’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் அவமானம் அதில் துளியும் இல்லை. தோற்றதைப் பிறர் முன்னால் இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த தேதியைக் குறித்துக்கொள்கிறார்கள். தேர்வு பயத்தில் உடல் நொந்த எத்தனையோ பிள்ளைகளை நம் கல்லூரிகளில் பார்த்தவள் என்ற முறையில், இந்த ஒன்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர ஆசைப்பட்டேன்.

பொதுச் சமையலறை

ஓலிட்ஹெம் என்பது வளாகத்தை அடுத்த மாணவர் குடியிருப்புப் பகுதி. நீண்ட நடை, இருபுறமும் அறைகள், கோடியில் எல்லாருக்கும் ஒரே சமையலறை. அறை ஒவ்வொன்றும் ஒரு தீவு, சமையலறைதான் துறைமுகம். அங்கே சட்டங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். இந்த வாரம் துடைப்பது யார், குப்பை கொண்டுபோவது யார் என்று பட்டியல். உணவுக் கழிவு ஒரு பையில், தாள் ஒன்றில், நெகிழி ஒன்றில், கண்ணாடியில் நிறமுள்ளதும் இல்லாததும் வேறு வேறாக.

இந்தப் பிரிப்பெல்லாம் எதற்கு என்று ஆரம்பத்தில் சலித்துக்கொண்டேன். பிறகு தெரிந்தது: பிரிக்க முடியாமல் மிஞ்சும் குப்பை ஊருக்கு வெளியே டோவா என்ற இடத்தில் எரிக்கப்படுகிறது. அந்த வெப்பம் சுடுநீராகக் குழாய் வழியே ஊருக்குள் வந்து, என் அறைச் சன்னலுக்குக் கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தைச் சூடாக்குகிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி. உள்ளே நான் பருத்தி உடையில் உட்கார்ந்து படிக்கிறேன். அதற்குப் பிறகு தயிர் டப்பாவைக் கழுவாமல் வீச எனக்கு மனம் வரவில்லை.

துவைப்பதற்கும் முன்பதிவு. தரைத்தளத்தில் பொதுத் துவைப்பறை. செவ்வாய் மாலை ஐந்து முதல் எட்டு என்று நாம் குறித்துக்கொண்டால் அந்த மூன்று மணி நேரம் அறை நமக்கு மட்டும். அடுத்தவர் நேரத்தில் பத்து நிமிடம் நுழைந்துவிட்டால், நேரில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். மறுநாள் கதவில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும். கோபத்தைக்கூடக் குரல் இல்லாமல் சொல்கிற ஊர். எனக்கு வந்த சீட்டை எடுத்துக்கொண்டு, எழுதியவர் யாரென்று விசாரித்து, அறைக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தவர் முகம் சிவந்துபோனது. தட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு அவரே என்னைக் காப்பிக்கு அழைத்தார்.

மதிய உணவு விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வெளியே சாப்பிட்டால் மாணவர் கையில் காசு தங்காது. ஆகவே முந்தைய இரவே சமைத்து, டப்பாவில் அடைத்து எடுத்து வருகிறார்கள். வளாகத்தில் வரிசை வரிசையாக மைக்ரோவேவ் அடுப்புகள். பன்னிரண்டு மணிக்கு ஆளாளுக்கு டப்பாவோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது சொந்த ஊர் ஞாபகம் வந்தது. என் சாம்பார் சாதத்தின் மணம் அந்த வரிசையில் பலரோடு எனக்குப் பேச்சைத் தொடங்கித் தந்திருக்கிறது.

எண் இல்லாத ஆள்

பரிமாற்ற மாணவரை உண்மையில் வதைப்பது பனி அல்ல, ஓர் எண். ஸ்வீடனில் ஓராண்டோ அதற்கு மேலோ தங்குபவருக்கே மக்கள் பதிவேட்டில் இடமும் தனிநபர் எண்ணும் கிடைக்கும். ஒரு பருவத்துக்கு வருகிற மாணவருக்கு அது இல்லை. அந்த எண் இல்லையென்றால் வங்கிக் கணக்கு பெரும்பாடு. வங்கிக் கணக்கு இல்லையென்றால் ‘பேங்க்ஐடி’ என்ற மின்னணு அடையாளம் இல்லை. அது இல்லையென்றால் ஊரே பணம் அனுப்பப் பயன்படுத்தும் ‘ஸ்விஷ்’ இல்லை. நண்பர்கள் சேர்ந்து பீட்சா வாங்கினால் எல்லாரும் நொடியில் பங்கைப் பிரித்துக்கொள்ள, எண் இல்லாதவர் மட்டும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நோட்டை வாங்க மறுக்கும் கடைகளே அங்கே ஏராளம்.

எனவே வெளிநாட்டில் செல்லும் அட்டைகள் இரண்டையாவது கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் நமக்குக் குடியிருப்பு அனுமதி கட்டாயம்; அதற்குச் சீக்கிரமே விண்ணப்பித்துவிட வேண்டும். பரிமாற்றத்தில் போகிறவர் அங்கே கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இது சாதாரணச் சலுகையல்ல: 2011 இலையுதிர் பருவத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து நேரடியாகச் சேரும் மாணவர்களிடம் ஸ்வீடன் முழுக் கட்டணம் வாங்குகிறது. உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை முதலாண்டிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்கு இரவு

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அன்றிலிருந்து இருட்டு வேகமாக இறங்குகிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒன்பதரை மணி அளவில் எழும் சூரியன், இரண்டு மணிக்குள் மறைந்துவிடும். நாலரை மணி நேரப் பகல். அதுவும் தலைக்கு மேலே வராது. காட்டின் விளிம்பை உரசிக்கொண்டு, களைத்துப்போன விளக்கைப்போல நகர்ந்து போகும். மேகம் மூடினால் அதுவும் இல்லை.

குளிருக்கு உடை இருக்கிறது. உள்ளே கம்பளி, நடுவில் காற்றடைக்கும் துணி, மேலே காற்றைத் தடுக்கும் அங்கி. வழுக்கும் பனிக்கட்டியில் நடக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள். கார் விளக்கில் பளிச்சிடும் சிறு வில்லை ஒன்று சட்டையோரத்தில். இருட்டுக்கு என்ன உடை? நவம்பர் நடுவில் எனக்கு விடியலே தெரியாமல் போனது. பத்து மணி நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். இது என் பலவீனம் என்று எண்ணி யாரிடமும் சொல்லாமல் இருந்த மூன்று வாரங்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. சமையலறையில் ஒருநாள் வாய் திறந்து சொன்னபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த பெண், “எனக்கும்தான், ஒவ்வொரு வருஷமும்” என்றாள்.

ஊரே இருட்டோடு மல்லுக்கு நிற்கிறது என்பது அதன் பிறகுதான் கண்ணில் பட்டது. 2012 நவம்பரில் ஊமியோவின் மின் நிறுவனம், பேருந்து நிறுத்தங்கள் சிலவற்றில் ஒளிச்சிகிச்சை விளக்குகளையே பொருத்தியது; பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம். டிசம்பரையொட்டி வரும் அட்வென்ட் முதல் ஞாயிறு அன்று, யாரோ சொல்லி வைத்ததுபோல, ஊரின் எல்லாச் சன்னல்களிலும் ஏழு விளக்குகள் கொண்ட தண்டுகளும் தாள் நட்சத்திரங்களும் எரியத் தொடங்கும். திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை. வீட்டு விளக்கு தெருவில் போகிறவருக்கும் சேர்த்துத்தான். கார்த்திகைத் தீபத்தன்று வாசலில் அகல் வைத்து வளர்ந்த எனக்கு, அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 13 அதிகாலையில் வெள்ளை உடையில், தலையில் மெழுகுவத்தி மகுடத்தோடு லூசியா ஊர்வலம் பாடிக்கொண்டு வரும். அந்தப் பாட்டில் கண் கலங்காத வெளிநாட்டு மாணவரை நான் பார்க்கவில்லை.

டிசம்பரில் மதியம் இரண்டு மணிக்கு அங்கே இருட்டினால், மதுரையில் அப்போது மாலை ஆறரை. இரண்டு இடத்திலும் விளக்கு வைக்கும் நேரம். நான் வீட்டுக்குப் பேச வைத்திருந்த நேரம் அதுதான்.

செவ்வாய்க்கிழமைகள்

சிறிய நோர்டிக் ஊரில் தற்செயலாக நட்பு கிடைக்காது. டீக்கடையில், பேருந்தில், திண்ணையில் பேச்சு பிறந்து உறவாவது நம் வழக்கம். அங்கே உறவு பிறக்குமிடம் சங்கம். எதற்கும் ஒரு சங்கம் உண்டு: சேர்ந்து பாட, பனிச்சறுக்க, வரைபடத்தோடு காட்டில் ஓட. ‘இக்ஸு’ என்ற பெரிய விளையாட்டுக் கூடம்கூட 1959ல் மாணவர் விளையாட்டுச் சங்கமாகத் தொடங்கியதுதான்.

நான் ஒரு சேர்ந்திசைக் குழுவில் சேர்ந்தேன். குரல் சுமார்தான், அவர்கள் பொருட்படுத்தவில்லை. செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்குப் பயிற்சி, ஏழரைக்கு ஃபீக்கா. காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக்கொண்டு உட்காரும் அந்த அரைமணி நேரத்தை வெறும் காப்பி இடைவேளை என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். வாய் திறக்காத ஊரில் வாய் திறக்கவென்று ஒதுக்கிய நேரம் அது. முதல் செவ்வாய் வானிலை பற்றிப் பேசினார்கள். மூன்றாவது செவ்வாய் என் பெயரைச் சரியாக உச்சரித்தார்கள். ஏழாவது செவ்வாய் நான் வரவில்லை, இரவு ஒன்பது மணிக்கு, “உடம்பு சரியில்லையா?” என்று குறுஞ்செய்தி வந்தது. ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அந்த ஊர் திறக்கிறது. விழுந்து விழுந்து பேசினால் மூடிக்கொள்கிறது.

கிறிஸ்துமஸ் நெருங்க, உள்ளூர் மாணவர்கள் எல்லாரும் தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நடையில் விளக்கு தானாக எரிந்து தானாக அணைந்தது. இந்தத் தனிமையைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நம் கல்லூரிகளின் வழியனுப்பும் கூட்டங்களில் கடவுச்சீட்டு, காப்பீடு, கம்பளி எல்லாம் சொல்கிறார்கள். டிசம்பர் கடைசி வாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சொல்ல வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது சேர்ந்திசைக் குழுவிலிருந்த ஒரு பெண். நவம்பரிலேயே, ஃபீக்கா மேசையில், “24ஆம் தேதி எங்க வீட்டுக்கு வர்றியா?” என்று கேட்டிருந்தாள். நான் யோசிக்காமல் மூச்சை உள்ளே இழுத்தேன். மேசையில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

அவள் வீட்டில் ஹெர்ரிங் மீன் ஊறுகாய், உருளைக்கிழங்கு, இறைச்சி உருண்டை, பால்சோறு. மூன்று மணிக்கு எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். 1960லிருந்து ஆண்டுதோறும் அந்த நாளில் ஒளிபரப்பாகும் டொனால்ட் டக் கார்ட்டூன். அவளுடைய பாட்டி வசனங்களைப் படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கென்றும் மரத்தடியில் ஒரு பொதி இருந்தது: கையால் பின்னிய கம்பளிக் காலுறை. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. எனக்கு ஸ்வீடிஷ் சொற்கள் ஐம்பது வந்தால் அதிகம். ஆனாலும் இருவரும் அன்று நிறையப் பேசினோம்.

எட்டுப் பருவங்கள்

தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பருவமாகப் பிரிக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான சாமி மக்கள் எட்டாகப் பிரிக்கிறார்கள். கலைமான்களின் போக்கைப் பார்த்துப் பிறந்த கணக்கு அது. 2014ல் ஊமியோ ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது, ஆண்டு நிகழ்ச்சிகளை அந்த எட்டுப் பருவ வரிசையில்தான் அமைத்தார்கள். சாமி மொழியில் ஊரின் பெயர் உப்மெயே. தங்கள் மொழியும் மேய்ச்சல் நிலமும் பறிபோன கதையைச் சாமி மாணவர்கள் வகுப்பில் சொன்னபோதுதான், நான் பார்த்த அமைதியான ஊருக்குள் சொல்லப்படாத வலியும் இருப்பது தெரிந்தது. பரிமாற்ற மாணவர்கள் பலர் வடதுருவ ஒளியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் நடக்கும் சாமி வாரத்தில் ஒரு மாலையாவது போய் உட்கார வேண்டும்.

எட்டில் எனக்குப் பிடித்தது ‘வோர்விண்டர்’, அதாவது வசந்தப் பனிக்காலம். மார்ச்சிலும் ஏப்ரலிலும் பனி அப்படியே கிடக்கும். ஆனால் சூரியன் வந்துவிடும். வெள்ளைப் பனியில் பட்டு வெளிச்சம் இருமடங்காகத் தெறிக்கும். நீடாலா ஏரியின் உறைந்த பரப்பில் மக்கள் கலைமான் தோலை விரித்து, முகத்தைச் சூரியனுக்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். வெயிலுக்குக் குடை பிடித்து நடந்த எனக்கு, வெயில் ஒரு வரம் என்று அங்கேதான் புரிந்தது.

ஒரு பருவம்தான் வாய்க்கும் என்றால் ஜனவரியில் போங்கள் என்பேன். ஆகஸ்டில் போகிறவர் காட்டில் நீலப்பழமும் லிங்கன் பழமும் பறிக்கலாம். எவர் காட்டிலும் நடக்கவும் பழம் பறிக்கவும் எல்லாருக்கும் உரிமை தரும் வழக்கம் அந்த நாட்டில் சட்டமாகவே காக்கப்படுகிறது. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தை இழந்துகொண்டே போக வேண்டும். ஜனவரியில் போகிறவர் மோசமான இருட்டில் இறங்குவார். பிறகு தினமும் ஐந்தாறு நிமிடம் பகல் கூடும். ஏப்ரல் 30 அன்று வால்போரி விழாவின் சொக்கப்பனை. ஜூனில் இரவே வராது. நடுநிசியில் விளக்கில்லாமல் புத்தகம் படிக்கலாம். இரண்டு பருவம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

பெரிய நகரமா, சிறிய நகரமா என்று கேட்கும் மாணவர்களிடமும் எனக்குத் தயக்கம் இல்லை. தலைநகரில் நம் மொழிக்காரர், நம் கடை, நம் படம் எல்லாம் கிடைக்கும். அதற்குள்ளேயே ஓராண்டை முடித்துவிடலாம். அறை கிடைப்பதும் அங்கே பெரும் போராட்டம். சிறிய ஊரில் ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்த ஊர் மனிதரோடு பழகியே ஆக வேண்டும். அதற்காகத்தானே போகிறோம்?

ஊர் திரும்பும் முன் ஆற்றங்கரையில் நின்றேன். பெயரில் இருக்கும் முழக்கத்தை அங்கே கேட்க முடியவில்லை. நகரத்துக்கு மேலே, 1950களின் கடைசியில் கட்டிய ஸ்டோர்நோர்ஃபோர்ஸ் மின்நிலையத்தில் ஆற்றுநீர் சுழலிகளுக்குள் இறங்கி மின்சாரமாகிவிடுகிறது. அந்த இரைச்சல்தான் டிசம்பரில் சன்னல்களில் எரிந்த விளக்கு.

இப்போது எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் சிலர் படிக்கிறார்கள். பொங்கலுக்கு விடுதி காலியாகும்போது அப்படிப்பட்டவர்கள் எங்கே போவார்கள் என்று படித்த காலத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சென்ற ஆண்டு இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அம்மா வாசலில் நின்று, “வாங்கப்பா, உள்ள வாங்க” என்றார். உங்கள் ஊரிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். பொங்கல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போதே போய்க் கேட்டு வையுங்கள்.